ஒரே அடையாளம், இரண்டு வாசிப்பு: கதை மாந்தரின் தோற்றத்தையும் குணத்தையும் எழுதும் முறை

புதிதாகக் கதை எழுத வருகிறவர்களின் முதல் பிரதியில் பெரும்பாலும் இப்படி ஒரு பத்தி இருக்கும்: “அவர் கறுத்த, பருத்த உருவம். முறுக்கு மீசை. சிவந்த கண்கள். பார்த்தாலே பயம் வரும். ஆனால் மனசு தங்கம்.” ஐந்து வாக்கியத்தில் ஆளையும் வரைந்தாயிற்று, முடிவையும் சொல்லியாயிற்று. இதற்குப் பிறகு நாலு பக்கம் படிக்க வாசகருக்கு என்ன இருக்கிறது?

வர்ணனை கூடிப்போனது இங்கே பெரிய குறை இல்லை. மீசைக்கும் தங்க மனசுக்கும் எந்த உறவும் இல்லாமல், நடுவில் ஓர் “ஆனால்” போட்டு ஒட்டியிருப்பதுதான் குறை. மீசையை மழித்துவிட்டாலும் கதை மாறாது. நன்றாக எழுதப்பட்ட மாந்தரில், ஊர் அவரைத் தவறாக எடைபோட எது காரணமாக இருந்ததோ அதுவே பிறகு அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவும் வழியாகிறது. அடையாளம் ஒன்றுதான். முதலில் ஒரு மாதிரிப் படும், பிறகு வேறு மாதிரிப் படும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறோம். 1,500 முதல் 2,000 சொல் வரையுள்ள சிறுகதையை மனதில் வைத்தே அளவுகளைக் கொடுத்திருக்கிறோம்.

களம் மலேசியத் தோட்டப் பட்டணம். சுங்கை சிப்புட், பீடோர், சுங்கை பட்டாணி, குளுவாங் என்று உங்கள் பட்டணம் எதுவாகவும் இருக்கலாம். இந்த ஊர்களில் தோற்றத்தை வைத்து ஆளைத் தீர்மானிக்கும் பழக்கத்துக்கு நீண்ட வேர் உண்டு. தோட்டத்தில் நிர்வாகியான துரையின் பங்களா மேட்டில் இருந்தது, கணக்கு எழுதும் கிராணியின் வீடு அதற்குக் கீழே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் அடிவாரத்தில். எந்த வீடு என்று சொன்னாலே ஆளின் இடம் தெரிந்துவிடும். லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த பிறகும் “கிராணி வீட்டுப் புள்ள”, “மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) மகன்” என்ற பெயர்கள் கூடவே வந்துவிட்டன. கோயில், பசார் மாலாம் (இரவுச் சந்தை), ஒட்டுக்கடை (சாலையோரச் சாப்பாட்டுக் கடை), அஞ்சடி (கடைமுன் நடைபாதை) என்று திரும்பத் திரும்ப அதே முகங்களைப் பார்க்கிற ஊரில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி தயாராக இருக்கும். எழுதுகிறவருக்கு அது பெரிய சொத்து.

கதைக்கலையைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று தயங்குகிறவர்கள், 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பை’ நினைத்துக்கொள்ளலாம். செய்தித்தாள் வழியாகவே புதியவர்களைப் பழக்கிய மண் இது.

முதல் படி: ஊர் சொல்லும் ஒரு வரி

ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றி ஊர் பேசும் ஒரே ஒரு வரியைப் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். “அந்தக் கூட்டுக்காரம்மாவா, கழுத்துல கெடக்குற சங்கிலியே அஞ்சு பவுன் தேறும், காசு எங்கயும் போவாது.” கட்டுரை முழுக்க இந்த அம்மாவையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

கூட்டு என்றால் என்ன என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 200 ரிங்கிட் போட்டால் 2,000 ரிங்கிட். மாதம் ஒருவராக எடுத்துக்கொண்டு பத்து மாதத்தில் முடித்துக்கொள்வார்கள். இதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971-இல் தனிச் சட்டமே வந்தது. ஆகவே நியாயம் கேட்டுப் போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ போக யாரும் துணிய மாட்டார்கள். கூட்டு பிடிப்பவரின் வீடு, பேச்சு, கழுத்துச் சங்கிலி, கோயிலில் முன்வரிசையில் நிற்பது, இவைதான் பத்துப் பேருக்கும் உத்தரவாதம். தோற்றமே பத்திரமாக இருக்கிற இப்படிப்பட்ட உறவுகளைத் தேடிப் பிடியுங்கள். வெளியும் உள்ளும் மோதுகிற கதைக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது.

ஒரு வரிக்குக் கீழே, ஐந்து பேர் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். கூட்டில் இருப்பவர்களுக்கு அக்கா. பக்கத்து வீட்டுக் கிழவிக்கு “ஏ புள்ள”. எதிர்வீட்டுச் சிறுமிக்கு அத்தை. வங்கியில் மேடம். கணவருக்குப் பெயரே வேண்டாம், “இந்தா” போதும். ஐந்து விளியும் ஐந்து தோற்றம். எந்த விளியைக் கேட்கும்போது அவர் முதுகு நிமிர்கிறது, எதற்குக் கூனுகிறது என்று யோசித்தாலே பாதி ஆள் கிடைத்துவிடுவார்.

இரண்டாம் படி: உள்தாள்

தனித் தாளில் நான்கு கேள்விகள். இவருக்கு இப்போது என்ன வேண்டும்? எதற்கு அஞ்சுகிறார்? எந்த நிலையிலும் எதைச் செய்யமாட்டார்? யாரும் பார்க்காதபோது என்ன செய்கிறார்?

பதிலில் “நல்லவர்”, “பாசக்காரர்”, “சுயநலக்காரர்” போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். செயல்தான் பதில். நம் அக்காவின் தாள் இப்படி இருக்கலாம்: மூன்றாம் மாதம் பணம் எடுத்த ஒருத்தி ஐந்தாம் மாதத்திலிருந்து கட்டவில்லை. ஐந்து முதல் பத்து வரை ஆறு மாதம், ஆக 1,200 ரிங்கிட் பள்ளம். அக்கா சங்கிலியை அடகுக்கடையில் வைத்து அந்தப் பள்ளத்தை மாதாமாதம் நிரப்புகிறார். கழுத்து வெறுமையாகத் தெரிந்தால் மற்றவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஏமாந்துவிட்டேன் என்று வெளியில் தெரிவதற்கு அஞ்சுகிறார். கட்டாதவள் பெயரைச் சொல்லமாட்டார். இந்தக் கணக்கை நீங்கள் கதையில் எழுதப் போவதில்லை. ஆனாலும் ரிங்கிட் வரை போட்டுப் பாருங்கள். தொகை தெரியாமல் எழுதினால் அக்காவின் கவலை காற்றில் தொங்கும்.

நாலாவது கேள்விதான் மிக முக்கியம். அதற்குப் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஒரு நல்ல சான்று இருக்கிறது. பால் வெட்டும்போது பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வளருகிற மெல்லிய படலம் காயப்படும். அந்த இடம் ஆறும்போது முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். புதுப் பட்டை வந்த பிறகும் அதில் கத்தி ஓடாது. வெட்டுகிறவர் விடியாத இருட்டில், தன் நிரையில், பெரும்பாலும் தனியாகத்தான் நிற்கிறார். நெற்றி விளக்கு வெளிச்சம் பட்டைமேல் மட்டும். அந்த நேரத்தில் கை எப்படி நடந்துகொண்டது என்பதை மரம் வருடக்கணக்கில் வைத்திருக்கும். ஊரே சிடுமூஞ்சி என்று சொல்கிற ஒருவரின் மரங்கள் வழவழப்பாக இருக்கலாம். உங்கள் ஆளின் தொழிலில் இப்படிக் காயம் பதிகிற இடம் எது என்று கண்டுபிடியுங்கள். தையல்காரருக்கு உள்தையல், சமையல்காரருக்குப் பாத்திரத்தின் அடிப்பக்கம், லோரி ஓட்டுநருக்குச் சக்கரம்.

மூன்றாம் படி: மூன்று வெளி அடையாளம், ஒவ்வொன்றுக்கும் காரணம்

உடலில் ஒன்று, உடை அல்லது பொருளில் ஒன்று, பழக்கத்தில் ஒன்று. மூன்று போதும். ஒரு சிறுகதையில் ஏழெட்டு அடையாளம் கொடுத்தால் எதுவும் நினைவில் நிற்காது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “ஏனென்றால்” போட்டுக் காரணம் எழுதுங்கள். காரணம் வராவிட்டால் அந்த அடையாளம் அலங்காரம்தான், எடுத்துவிடலாம்.

காரணம் பெரும்பாலும் வேலையிலிருந்தும் காலத்திலிருந்தும் வரும். ஆகவே கதை நடக்கும் ஆண்டை முதலில் முடிவுசெய்யுங்கள். 1960-களிலிருந்து பல தோட்டங்கள் ரப்பரை அழித்துச் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறின. உடம்பும் அதோடு மாறியது. பால் வெட்டியவரின் வேலைச்சட்டையில் பால் காய்ந்து கறுத்த திட்டுகள் இருக்கும், எத்தனை துவைத்தாலும் போகாது. அதனால்தான் வேலைத்துணியை வீட்டுக்கு வெளியே தனியாகத் தொங்கவிடுவார்கள். மரத்திலும் கோப்பையிலும் உறைந்துபோன ஒட்டுப்பாலின் நாற்றம் பையிலும் மோட்டார் சைக்கிள் கூடையிலும் ஏறியிருக்கும். செம்பனைக் குலை வெட்டுபவருக்கு இந்தக் கறை கிடையாது. முள் குத்திய கை, நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்தே வலிக்கும் கழுத்து, அவருக்கு அதுதான். செம்பனைக் காட்டில் வேலை பார்ப்பவருக்குப் பால் கறை கொடுத்துவிட்டால் தோட்டத்தில் பிறந்த வாசகர் முதல் பக்கத்திலேயே கதையை மூடிவிடுவார். அவர் சொல்வதுதான் நியாயம்.

பழக்கம் என்பது இந்த மூன்றில் வலுவானது. ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் உட்கார்ந்தால் உள்ளே வருகிறவர்களை உதடு அசைய எண்ணுகிறார். பஸ்ஸில் எண்ணுகிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் எண்ணுகிறார். “சோத்துக்கும் கணக்குப் பாக்குற மனுசன்” என்பது ஊர்ப் பேச்சு. காரணம், வருடக்கணக்கில் விடியுமுன் பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், தலை எண்ணியவர். காட்டுக்குள் போனவர் அத்தனை பேரும் திரும்பி வந்தார்களா என்று பார்த்தவர். கதையின் முடிவில் பள்ளி வேன் வாய்க்காலில் சரிகிறது, பிள்ளைகளை இறக்குகிறார்கள், எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிடுகிறபோது ஒரு தலை குறைகிறது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். எண்ணுகிற பழக்கம் மாறவில்லை. வாசகர் அதைப் படிக்கிற விதம் மாறிவிட்டது.

இந்த மண்டோரை முழுத் தங்கமாக்கிவிடாதீர்கள். அதே எண்ணிக்கையை வைத்துத்தான் ஐந்து நிமிடம் பிந்தி வந்தவளைப் பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருப்பார். அவள் வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்காது. ஊர் அவரைக் கரித்துக்கொட்டியதிலும் உண்மை இருக்கிறது என்று கதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஊர் சொன்னது முழுப் பொய் என்று காட்டினால் அது மீசைக்குப் பதில் தங்க மனசு ஒட்டிய பழைய கதைதான்.

நான்காம் படி: சுமக்கும் அடையாளத்தைத் தேர்வது

கதையைச் சுமக்க அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுக்குச் சோதனை ஒன்று உண்டு. அந்த அடையாளத்தை வைத்து, அவரைப் பற்றித் தப்பாக ஒரு வாக்கியமும் சரியாக ஒரு வாக்கியமும் எழுத முடியவேண்டும். அக்காவின் சங்கிலி: “வசதியான பொம்பளை, காசு பத்திரம்” என்பது முதல் வாசிப்பு. கவரிங் என்று தெரிந்ததும் “நம்மை ஏமாத்திட்டா” என்பது ஊரின் இரண்டாம் வாசிப்பு. அடகு ரசீதின் காரணம் தெரிந்த வாசகருக்கு மட்டும் மூன்றாவது ஒன்று கிடைக்கிறது. இரண்டே போதும், மூன்று கிடைத்தால் கதைக்கு நல்ல நேரம்.

கண்ணை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். “கண்களில் கருணை தெரிந்தது” என்று எழுதினால் அதை வேறு மாதிரிப் படிக்க வழியில்லை. பொருளும் பழக்கமும்தான் இரண்டு பக்கமும் சாயும்.

ஐந்தாம் படி: யார் கண்ணால் பார்க்கிறோம்

புதியவர்கள் தாண்டிப்போகிற படி இது. கதையில் தோற்றம் என்பது எப்போதும் யாரோ ஒருவர் பார்த்த தோற்றம். பார்க்கிறவருக்கு என்ன தேவை இருக்கிறதோ அதுதான் அவர் கண்ணில் படும். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 71-ஆவது அதிகாரம் அரசவையில் முகம் படிக்கிறவருக்கு, 110-ஆவது காதலியின் கண்ணைப் படிக்கிறவனுக்கு. படிக்கிற கலை ஒன்றேதான், படிக்கிறவரின் தேவை வேறு. 702-ஆவது குறளில், அடுத்தவர் அகத்தில் இருப்பதை ஐயமில்லாமல் அறிகிறவனைத் தெய்வத்தோடு ஒப்பக் கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர். அப்படியென்றால் உங்கள் கதைசொல்லி ஐயப்படத்தான் வேண்டும். பத்து வயசுப் பையன் கதைசொல்லியாக இருந்துகொண்டு “அவர் சிரிப்புக்குப் பின்னால் ஆழ்ந்த துயரம் ஒளிந்திருந்தது” என்று சொன்னால் அங்கே பையன் காணாமல்போய் எழுத்தாளர் வந்து நிற்கிறார்.

அக்காவின் கதைக்குப் பார்வையாளராக, மாதாமாதம் அம்மா கொடுத்த 200 ரிங்கிட்டை எடுத்துக்கொண்டு வருகிற பதின்மூன்று வயசு எதிர்வீட்டுச் சிறுமி பொருத்தமானவள். அவளுக்குச் சங்கிலி பிடிக்கும், அதனால் அதை உற்றுப் பார்ப்பாள். கணக்குப் புரியாது, அதனால் காரணத்தைத் தவறவிடுவாள். பார்க்கவும் வேண்டும், முழுக்கப் புரியவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்த ஆளைத்தான் பார்வையாளராக்கவேண்டும்.

ஆறாம் படி: மூன்று முறை விதைப்பது

சுமக்கும் அடையாளம் கதையில் மூன்று முறை வரவேண்டும். 1,800 சொல் கதையென்றால் முதல் 200 சொல்லுக்குள் ஒருமுறை, 800-ஐ ஒட்டி ஒருமுறை, 1,200 முதல் 1,300-க்குள் மூன்றாம் முறை. முதல் முறை சாதாரணமாக வரட்டும். இரண்டாம் முறை சற்று விலகியிருக்கட்டும். மூன்றாம் முறை திறந்துகொள்ளட்டும்.

கவரிங் நகை பெரும்பாலும் செம்பு கலந்த உலோகத்தின்மேல் பூச்சுப் போட்டது. வேர்வையும் தண்ணீரும் படப்படப் பூச்சுத் தேயும், தோலில் பச்சையாகக் கறை பிடிக்கும். பின்கழுத்தில்தான் வேர்வை அதிகம். ஆகவே அதைப் போட்டிருப்பவர் குளிக்கும்போதும் கை, முகம் கழுவும்போதும் கழற்றி வைப்பார். அசல் தங்கம் போட்டுப் பழகியவர் கழற்றவேமாட்டார். இந்த ஒரு வேறுபாட்டில்தான் கதை நிற்கிறது. இரண்டாம் விதைப்பை இப்படி எழுதலாம்:

“மூஞ்சி கழுவிட்டு வர்றேன், உக்காரு” என்று அத்தை எழுந்தார். போகுமுன் சங்கிலியைக் கழற்றி மைலோ டின் மூடிமேல் வைத்தார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் பணத்தை எடுத்து எண்ணினேன். எல்லாம் பத்து ரிங்கிட் தாள், இருபது.

முகம் கழுவப் போவதற்கும் மீன் குழம்புக்கும் நடுவில் சங்கிலி அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். விதையைப் பத்தியின் நடுவாக்கியத்தில் வையுங்கள். கடைசி வாக்கியத்தில் வைத்தால் வாசகர் கண் அங்கே நின்றுவிடும், “ஏதோ இருக்கு” என்று தெரிந்துவிடும். “ஏனோ அன்று சங்கிலியைக் கழற்றினார்” என்று எழுதினாலும் இதே கேடுதான். “ஏனோ”, “வழக்கத்துக்கு மாறாக”, “என்றுமில்லாமல்” ஆகிய சொற்கள் விதைப்புக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

பேச்சிலும் விதைக்கலாம். அக்கா பணப் பேச்சு வரும்போதெல்லாம் சாப்பாட்டுக்குத் தாவுகிறார்:

“அக்கா, இந்த மாசம் எனக்குத்தானே?”

“ஒனக்குத்தாம்பா. வெள்ளிக்கெழம வா. சாப்ட்டியா?”

முதல் தடவை வாசகருக்கு அது பாசமாகக் கேட்கும். மூன்றாம் தடவை நாள் கடத்துவதாகக் கேட்கும். இரண்டுமே உண்மை என்பதுதான் அந்த வரியின் பலம்.

ஏழாம் படி: இரண்டு பக்கமும் நட்டம் வரும் காட்சி

குணம் வெளிப்படுவது முடிவெடுக்கும்போதுதான். எந்த முடிவெடுத்தாலும் ஒரு நட்டம் இருக்கவேண்டும். ஒரு பக்கம் நட்டமே இல்லையென்றால் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் போவார்கள், அதில் குணம் தெரியாது. அக்கா உண்மையைச் சொன்னால் கட்டாதவளின் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் முறியும். சொல்லாவிட்டால் தன் பெயர் கெடும். காட்சியை எழுதுமுன் இரண்டு நட்டத்தையும் ஒவ்வொரு வரியில் எழுதி எதிரெதிராக வைத்துப் பாருங்கள். ஒன்று மிகவும் லேசாக இருந்தால் கனம் ஏற்றுங்கள்.

“யாரு கட்டலன்னு சொல்லுக்கா. நாங்க போயிக் கேக்குறோம்.”

“கட்டாதவங்க யாரும் இல்ல.”

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் பின்கழுத்தை மூடிக்கொண்டார்.

“அப்ப சங்கிலி?”

“அது என் சங்கிலி.”

இந்த ஐந்து வரிக்கு மேல் விளக்கம் வேண்டாம். அக்கா பொய் சொல்கிறார், கௌரவம் பார்க்கிறார், ஒருத்தியைக் காப்பாற்றுகிறார், தன்னை நம்பிய மற்றவர்களை இருட்டில் வைக்கிறார். எல்லாம் ஒரே செயலில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை மறைத்து அவரைத் தியாகியாக்கினால் கதை மெலிந்துவிடும்.

உணர்ச்சியை உடம்பில் காட்டும்போது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஒரு கருவியாகவே பயன்படுத்தலாம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களிலிருந்து பிறக்கும் என்கிறது நூல். அச்சத்துக்குச் சொல்லும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அதாவது தெய்வம், மிருகம், திருடர், தலைவன். தோட்டத்துக் கதைக்கு இது அப்படியே பொருந்தும். செம்பனைக் காட்டில் பாம்பைக் கண்டவருக்கு முதலில் கால் நிற்கும், பிறகுதான் குரல் வரும். துரை முன்னால் நிற்பவருக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும், துரை சிரிக்குமுன் சிரிப்பு உதட்டில் தயாராக நிற்கும். இரண்டுக்கும் “பயத்தில் உடல் நடுங்கியது” என்று ஒரே வாக்கியத்தை எழுதுகிறோம். எந்த அச்சம் என்று முதலில் கேட்டுக்கொண்டால் எந்த உறுப்பு அசையும் என்பது தானாக வரும். அக்காவுக்கு இருப்பது மானம் போகும் அச்சம். அதனால்தான் கை பின்கழுத்துக்குப் போகிறது.

அடிக்கடி கெடுகிற இடங்கள்

எல்லாவற்றிலும் மோசமானது தோல் நிறத்தை வைத்துக் குணம் சொல்வது. கறுப்பு என்றால் முரடன், சிவப்பு என்றால் நல்லவள். வெயிலில் நின்று உழைத்த மக்களைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகளே இப்படி எழுதுவது நெஞ்சைக் கீறுகிறது. கூன், நொண்டி, மாறுகண் ஆகியவற்றை வஞ்சகத்துக்கு அடையாளமாக்குவதும் அப்படியே. முதல் பிரதியில் வந்துவிட்டால் தயங்காமல் வெட்டுங்கள்.

அதைத் திருப்பிப்போடுவதும் தீர்வு ஆகாது. அழுக்குச் சட்டைக்காரர் எல்லாம் உத்தமர், வெள்ளைச் சட்டைக் கிராணி எல்லாம் கயவர் என்று எழுதினால் பழைய முத்திரைக்குப் பதில் புது முத்திரை குத்துகிறீர்கள். கிராணியின் சட்டை ஏன் வெளுப்பாக இருக்கிறது, யார் துவைத்தார்கள், எத்தனை சட்டை வைத்திருந்தார் என்று கேளுங்கள். இரண்டே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவராகவும் இருக்கலாம்.

கண்ணாடிமுன் நின்று தன்னைத்தானே வர்ணிக்கும் தொடக்கம், இறந்தபின் கிடைக்கும் கடிதத்தில் எல்லாம் விளங்கிவிடுவது, கடைசிக் காட்சியில் கெட்டவர் அழுது திருந்துவது: மூன்றும் உழைப்பைத் தவிர்க்கும் குறுக்கு வழிகள். கடிதம் சொல்லும் உண்மையை விதைப்பு சொல்லியிருக்கவேண்டும்.

பேச்சு மொழியில் இரண்டு தவறு வரும். ஒன்று, எல்லாரும் மேடைத் தமிழில் பேசுவது. மற்றது, தமிழ்நாட்டுச் சினிமாத் தமிழில் பேசுவது. மோட்டார், லோரி, பசார், தவுக்கே (சீன முதலாளி), கித்தா (ரப்பர்) என்று இங்குள்ளவர் வாயில் புழங்குவதை அப்படியே எழுதுங்கள். ஒரே ஆள் யாரோடு எப்படிப் பேச்சை மாற்றுகிறார் என்பதும் தோற்றம்தான். தவுக்கேயிடம் மலாயில் சிரித்துப் பேசிவிட்டு, திரும்பி மனைவியிடம் தமிழில் எரிந்து விழுகிறவரைப் பற்றி வேறு வர்ணனை வேண்டியதில்லை.

எட்டாம் படி: திருத்தம்

முதல் பிரதியை முடித்ததும் ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு அச்செடுத்து, சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். குணத்தை நேராகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் சிவப்பு. வெளி அடையாளம் ஒவ்வொன்றுக்கும் நீலம். சிவப்பு மூன்றுக்கு மேல் இருந்தால் மிஞ்சியதை எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் ஒரு செயல் தேவையா என்று பாருங்கள். பாதிக்குமேல் தேவைப்படாது. நீலத்தில் ஒரே ஒருமுறை வந்து திரும்ப வராதவற்றை வட்டமிடுங்கள். சூழலுக்காக இரண்டு மூன்று இருக்கலாம், பத்து இருந்தால் களையெடுக்கவேண்டும். ஒருவர் முதலில் நுழையும் இடத்தில் வர்ணனை நாற்பது, ஐம்பது சொல்லைத் தாண்டினால் பாதியைப் பின்னால் வரும் காட்சிகளுக்குப் பங்கிடுங்கள்.

பிறகு “ஆனால்” எங்கெங்கே வருகிறது என்று தேடுங்கள். “கோபக்காரர், ஆனால் நல்லவர்” என்ற வடிவில் வருகிற ஒவ்வொன்றும் இரண்டாம் படியில் ஏதோ விட்டுப்போனதன் அடையாளம். அந்தக் கோபத்தின் காரணத்தைத் தேடிப் போனால் நல்லதும் அங்கேயே கிடைக்கும்.

கடைசியாக, தோட்டம் தெரிந்த ஒருவரிடமும் தெரியாத ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டே கேள்வி போதும். எந்த இடத்தில் இவர்மேல் சந்தேகம் வந்தது? எந்த இடத்தில் மனசு மாறியது? முதல் பக்கத்தையே காட்டினால் விதைப்பு வெளியே தெரிகிறது, முதல் இரண்டையும் இன்னும் உள்ளே தள்ளுங்கள். உண்மை வெளிப்படும் வரியை மட்டுமே காட்டினால் விதைப்பு போதாது, இரண்டாவதைச் சற்று மேலே கொண்டுவாருங்கள். தோட்டம் தெரிந்தவர் சொல்லும் வேலை, கருவி, விளி பற்றிய திருத்தங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். கதையின் முடிவைப் பற்றி அவர் சொல்வதைக் குறித்துவைத்துக்கொண்டு, இரண்டாமவர் என்ன சொல்கிறார் என்று பார்த்த பிறகு முடிவுசெய்யுங்கள்.